போத்தலில் இருந்த கரண்டிப் புழுக்கள்

நேற்று பேத்தியின் பாடசாலை ஆய்வுகூடத்துக்குள் நுழைந்ததும் உயிரினங்களைக் கெடாமல் வைக்கும் போமலின் வாடை கண்ணைக் கடித்தது. வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அது இரத்தத்தின் வாடையும்தான், மச்சான்.

மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் நாம் இருவரும் வாடகைக்கு இருந்த அறையில் உன் பக்கத்துச் சுவர் முழுக்கப் போமலின் போத்தல்கள். திருகோணமலைச் சேற்றில் நீ தோண்டியெடுத்த கரண்டிப் புழுக்கள். நீ விலங்கியல் படிப்பித்தாய், நான் கணக்கு. தலைமுனை கரண்டிபோல் நீண்டு சேற்றிலிருந்து இரையை வழித்தெடுக்கும் என்பாய். அவற்றில் ஒரு வகையில் பெண்தான் கண்ணுக்குத் தெரியும். பொடியளவு ஆண், அவள் உடலுக்குள்ளேயே வாழ்ந்து முடியுமாம். அதைச் சொல்லிச் சிரிப்பாய். உடலில் வளையங்கள் இல்லையென்று அவற்றை மண்புழுக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனிக் கணமாக்கியிருந்தார்கள். உனக்கு அது பொறுக்கவில்லை.

"மண்புழுவுக்கு இருக்கிற சிலிர்முள்ளு இதுக்கும் இருக்கு, முட்டையில இருந்து வர்ற குடம்பியும் அதே மாதிரிதான் இருக்கு. வளையம் இல்லேன்னு வீட்ட விட்டுத் தள்ளி வச்சிட்டாங்க" என்பாய்.

இப்போது மறுபடியும் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். உனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

தமிழருக்கு எதிரான கலவரம் மாத்தளைக்கு வந்த அன்று பட்டப்பகலில் ஒரு கும்பலாக வந்து நம் அறைக் கதவை உடைத்தார்கள். உன்னைக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தேன். தேயிலைத் தோட்டத்துத் தமிழன் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்கள். இங்கே நான் மட்டும்தான், நான் முஸ்லிம் என்றேன். ஒருவனின் இரும்புக் கம்பி என் முழங்காலில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். அவன் மறுபடி ஓங்கியபோது நீ வெளியே வந்தாய். பெரிய போத்தலைத் தூக்கி அவன் முகத்தில் உடைத்தாய். கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான். மற்றவர்கள் என்னை விட்டுவிட்டு உன்மேல் பாய்ந்தார்கள். கத்தி உன் வயிற்றில் ஏறியதை எழ முடியாமல் கிடந்து பார்த்தேன். அவர்கள் போனபின், கண்ணாடித் துண்டுகளுக்கும் புழுக்களுக்கும் நடுவே என் பக்கம் திரும்பினாய்.

"கால அசைக்காத" என்றாய். அதற்குப் பிறகு பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் உடலை உறவினரிடம்தான் கொடுப்போம் என்றார்கள். உன் அம்மா இருந்த தோட்டத்துக்குப் பாதை அடைபட்டிருந்தது. எழுதுவினைஞர் பதிவேட்டோடு என் கட்டிலுக்கு வந்து, என் பெயரையும் உன் பெயரையும் வாசித்துவிட்டு, என்ன உறவு என்று கேட்டார்.

"என் தம்பி" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் சொன்னேன். எழுதிக்கொண்டார். என் வாப்பாதான் ஆள் பிடித்து உன்னைத் தூக்கிப்போய் அடக்கம் செய்தார்.

பாதை திறந்ததும் கட்டுப்போட்ட காலோடு உன் அம்மாவைத் தேடிப் போனேன். வாசலிலேயே நின்றேன். "உள்ள வாய்யா" என்றார். அவர் இருந்தவரை ஒரு பொங்கலுக்கும் நான் அங்கே போகாமல் இருந்ததில்லை.

கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும், இன்றும் உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.