எல்லை ஹோட்டலின் சரித்திரம்

மார்ச் 6, 2006

மூன்றாம் எண் அறைக்கு வந்திருக்கும் ஆள் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறும்போது என் காதாலேயே கேட்டேன். ஒரு சுவர், பிறகு அடுத்த சுவர். ரஹ்மாவிடம் சொன்னேன். "மூட்டைப்பூச்சி தேடுறாரு போல, லல்லா" என்று குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள். வாய்க்கு வாய் 'லல்லா' என்று மரியாதை காட்டத்தான் தெரியும் அவளுக்கு. ஒரு சமையல்காரியிடம் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

பெயர் இத்ரீஸ் ஸெர்ஹூனி. ஊர் ஃபெஸ். எங்கள் ஹோட்டலின் சரித்திரத்தை எழுதப்போகிறாராம். அல்ஜீரிய எல்லையை மூடிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இரண்டு அறையில் ஆள் இருந்தால் அன்றைக்கு எங்களுக்குப் பெருநாள். இதற்கு எவனாவது சரித்திரம் எழுதுவானா?

மார்ச் 9

தம்பி மீலூத் அந்த ஆளிடம் வாடகை வாங்கவில்லை. மீலூத்! மாமனார் வந்து தங்கினபோது சோப்புக்குக் காசு கேட்டவன்.

"நம்மளப் பத்தி எழுத வந்திருக்காரு அக்கா. அவர்கிட்டப் போய்க் கேக்கறதா?"

ஏதோ இருக்கிறது.

மார்ச் 13

இன்று சாப்பாட்டுக் கூடத்தில் இத்ரீஸ் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஹாஜ்ஜா, இந்தக் கட்டடம் முதல்ல யாரோடது?"

"நான் இன்னும் மக்கா போகல. யாமினான்னே கூப்பிடுங்க."

ஊருக்கே தெரிந்ததைச் சொன்னேன். ரயில் வந்தபோது மதாம் ஒலிவ் என்ற பிரெஞ்சுக்காரி கட்டியது. சுதந்திரம் வந்த மறுவருடம் அவள் கப்பலேற, அவளிடம் பரிமாறும் வேலை பார்த்த எங்கள் அப்பா வாங்கிக்கொண்டார். பிற்பாடு எல்லை திறந்திருந்த காலத்தில் அல்ஜீரியாக்காரர்கள் சாமான் வாங்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அறை கிடைக்காதவர்கள் வாங்கிய கம்பளத்தையே நடையில் விரித்துப் படுத்தார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், போகிற போக்கில் கேட்பதுபோல:

"இப்ப பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

அதானே! சரித்திரம் எழுதுகிறவருக்குப் பத்திரம் எதற்கு? "தம்பி பேர்ல" என்றேன். அப்பா அப்படித்தான் எழுதிவைத்தார். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைதான் எனக்கு. அதுவும் ஹோட்டல் இருக்கும்வரை.

மார்ச் 20

சந்தையிலிருந்து வரும் வழியில் பார்த்தேன். காபிக்கடையில் மூன்று பேர். மீலூத். இத்ரீஸ். மூன்றாவது ஆள் ஹம்தாவி. பக்கத்து உஜ்தா நகரில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறானே, அவனேதான். இத்ரீஸின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆக, இதுதான் சரித்திரம்.

மார்ச் 21

செய்துவிட்டேன்.

இத்ரீஸ் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். "எலுமிச்சை மரத்துக்கிட்ட மிதிக்காதீங்க" என்றேன். ஏன் என்றார். அதற்கப்புறம் தானாக வந்தது. பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து அல்ஜீரியாவில் நடந்த சண்டையின்போது, ஐம்பத்தெட்டில், அடிபட்ட போராளி ஒருவனை எல்லை தாண்டித் தூக்கி வந்தார்கள், இங்கேயே உயிர் போயிற்று, அப்பா விடியுமுன் அந்த மரத்தடியில் புதைத்தார், யாரிடமும் சொல்லக் கூடாதென்று எங்களிடம் சத்தியம் வாங்கினார் என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பொய்! என் கண்கூடக் கலங்கியது.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நல்ல நடிகர்.

போய்ச் சொல்லட்டும் ஹம்தாவியிடம். போரில் உயிர்விட்ட ஷஹீதின் கபுர்மேல் எவன் புல்டோசர் ஓட்டுவான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 2

இத்ரீஸ் போய் ஒரு வாரம். ஹம்தாவியின் கார் இந்தப் பக்கமே வரவில்லை. மீலூத் கதவை எல்லாம் அடித்துச் சாத்துகிறான்.

ஏப்ரல் 16

பத்திரிகையில் வந்துவிட்டது. அரைப் பக்கம், எலுமிச்சை மரத்தின் படத்தோடு. மதாம் ஒலிவ், ரயில், கம்பளத்தில் படுத்தவர்கள், எல்லாமே நான் சொன்னபடி. நிஜமாகவே எழுதத்தான் வந்திருக்கிறார்!

மீலூத் பத்திரிகையை என் மேஜையில் வீசினான். "இவர் ஹம்தாவியோட ஆள்னு நெனச்சேன்" என்றேன்.

"அந்த மனுஷனுக்கு என்னக்கா தெரியும்? ஹம்தாவியோட காபிக்கடையில இருந்தப்ப தெருவுல போனாரு, கூப்பிட்டு உக்கார வெச்சேன். பேப்பர்ல வந்தா நல்ல விலை போகும்னு நெனச்சேன். விக்கப் பார்த்தவன் நான்!"

"என்கிட்டச் சொன்னியா?"

"சொன்னா விட்ருப்பியா? பன்னெண்டு வருஷமா காலி அறையக் கூட்டிட்டிருக்கோம். எனக்கு ரெண்டு பொண்ணு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கபுர் இருக்குன்னு அப்பா என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அப்போ பிறக்கவே இல்ல."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நம்பவில்லை. ஆனால் போய்க் கேட்பதற்கு அப்பா இல்லை.

மே 4

ஒரு கிழவி வந்து இறங்கியிருக்கிறாள். பெயர் கைரா. எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரி. ஐம்பத்தெட்டில் காணாமல்போன தம்பி லஹ்ஸனைத் தேடி வந்திருக்கிறாளாம். பிரான்சில் இருக்கும் மருமகன் பத்திரிகையைப் பார்த்துச் சொன்னானாம்.

முதலில் எனக்குத் தோன்றியது - இது மீலூத்தின் வேலை. என் வாயைப் பிடுங்க ஆள் பிடித்து வந்திருக்கிறான். ரஹ்மாவை அனுப்பி, எந்த ஊர், எப்படி வந்தாள் என்று விசாரிக்கச் சொன்னேன்.

சாயங்காலம் அவளே மொட்டைமாடிக்கு வந்தாள். மூச்சு வாங்கியது. வயலுக்கு அப்பால் கை நீட்டினாள். "அதோ, தண்ணித்தொட்டி தெரியுதா? அதுக்குப் பக்கத்து வீடுதான். என் பேத்தி இப்பக் கோழிய அடைச்சிட்டு இருப்பா." நடந்தால் ஒரு மணி நேரம். எல்லை மூடிக் கிடப்பதால் அவள் அவர்கள் பக்கத்து வஹ்ரான் நகரத்திலிருந்து விமானத்தில் காஸாபிளாங்கா போய், அங்கிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

யாரும் ஏவி வந்தவள் இல்லை.

யா அல்லாஹ், நான் என்ன பண்ணிவெச்சிருக்கேன்?

மே 5

காலையில் மரத்தடியில் உட்கார்ந்து மண்ணில் கை வைத்துக்கொண்டிருந்தாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள். ரஹ்மா பக்கத்தில் நின்று அழுகிறாள். மீலூத் தூணோரம் நின்று என்னைத்தான் பார்த்தான்.

பொறுக்க முடியவில்லை. "அம்மா, எந்திரிங்க. அங்க யாரும் இல்ல. நான் பொய் சொன்னேன். ஹோட்டல இடிச்சிருவாங்கன்னு பொய் சொன்னேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, பாவாடை மண்ணைத் தட்டினாள்.

"எங்கெங்கயோ போனேன் பொண்ணே. போன இடத்துல எல்லாம் இங்கதான் இருக்கான், இங்கதான் இருக்கான்னுதான் காட்டினாங்க. நீ ஒருத்திதான் இல்லன்னு சொன்ன."

மதியச் சாப்பாட்டை வேண்டாமென்றுவிட்டாள். மீலூத்தே வண்டியில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனான்.

மே 9

ஹம்தாவியின் கார் வாசலில்.

ஜூன் 11

மீலூத் கையெழுத்துப் போட்டுவிட்டான். உஜ்தாவில் அவன் வீட்டிலேயே எனக்கும் ஓர் அறை. கேட்காமலே கொடுத்தான். குத்திக்காட்டி ஒரு பேச்சுச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இன்று இத்ரீஸ் வந்தார். கபுர் கதை பொய்யென்று பத்திரிகையில் இரண்டு வரி மறுப்புப் போட்டிருக்கிறார்கள், அதைக் காட்ட. கோபமில்லை, மரியாதையாகத்தான் பேசினார். மன்னிப்புக் கேட்டேன். பிறகு, இடிப்பதற்கு முன் யாரிடமாவது சொல்லிவிட வேண்டுமென்று, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். கைராவிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு என் வாயிலிருந்து இன்னொரு கதையா என்று விட்டுவிட்டேன்.

அந்த வருடம் போராளிகள் உண்மையாகவே வந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளுக்கு அடியில் படுத்தார்கள். அம்மா அவர்களுடைய கட்டுத்துணிகளைக் குஸ்குஸ் பானையில் வேகவைத்துத் தலையணை உறைகளுக்கு நடுவே காயப்போட்டாள். மீசைகூட முளைக்காத ஒருவன் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தான். நான் காவல் சாவடிக்கு முன்னால் போய் அடித்துக் காட்ட, அப்பா என்னைப் பின்னி எடுத்துவிட்டார். ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒருவரும் இல்லை. அவர்கள் பெயர் எதுவும் எங்களுக்குத் தெரியாது.

இத்ரீஸ் கடைசிவரை கேட்டார்.

"இதைப் பார்த்தவங்க வேற யாராவது இருக்காங்களா, லல்லா யாமினா?"

"இல்ல. நான்தான்."

தலையாட்டினார். எதையும் குறித்துக்கொள்ளவில்லை. டீயைக் குடித்து முடித்தார். உஜ்தாவுக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார்.