தோ, வந்துகினே கீறேன்

மாமா,

உங்கள் பொடி டப்பியை உங்கள் பேரன் கண்டுபிடித்துவிட்டான். நெல் குதிருக்குப் பின்னால், துடைப்பம்கூட நுழையாத சந்தில், அத்தை கண்ணுக்குத் தப்ப எப்போது அதை ஒளித்து வைத்தீர்களோ தெரியவில்லை. இன்று விடியற்காலையில் உங்கள் மகன் மல்லிக்கூடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து, அந்தப் பிள்ளை டப்பியைத் திறந்து, நீங்கள் எடுப்பது போலவே இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து மூக்கில் ஏற்றிவிட்டான்.

கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டைத் தும்மல் நல்லது என்பார்கள். ஓயாத தும்மலுக்கு என்ன பலன் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. இவர் வண்டியிலிருந்து இறங்கினார். தண்ணீர் குடித்தார். உட்கார்ந்து எழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி ஒரு தும்மல். ஏற்கெனவே ஆவடிப் பக்கம் போகிற பட்டாளத்து லாரிகளைக் கண்டு கரையான்சாவடி முனையில் மாடு தினமும் மிரண்டு நிற்கிறது. அதற்குத் தனியாக ஒரு நாழிகை போகும். கூடையில் பூ மலர்ந்துகொண்டிருந்தது. மலர்ந்த பூவைப் பட்டணத்தில் யார் வாங்குவார்கள்? "புள்ளையாடி பெத்து வெச்சிருக்கே?" என்று என்னைக் கேட்டுவிட்டு வண்டியை ஓட்டினார். என்னவோ நான் மட்டும் தனியாகப் பெற்ற மாதிரி.

வீடெல்லாம் உங்கள் வாசனை அடிக்கிறது. மத்தியானம் ஆகியும் போகவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் இருந்தவரை உங்கள் முன்னால் நின்று நாலு வார்த்தை பேசினவள் இல்லை நான். அம்பத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததற்கு இன்று பலன் கிடைக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் காரணம் உங்கள் பெயர்தான் மாமா. தலைச்சன் பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது வழக்கம், ஒப்புக்கொள்கிறேன். தொட்டிலில் போட்டு, காதில் மூன்று தடவை சொல்லி, சர்க்கரை வழங்கி முடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. மாமனார் பெயரை நான் சொல்லக் கூடாது. புருஷன் பெயரை அத்தை சொல்லக் கூடாது. அப்பன் பெயரை உங்கள் மகன் சொல்ல மாட்டார். மிச்சம் இருந்தது நீங்கள் ஒருவர். "என் பேர நானே கூப்டுகினு இருந்தா ஊரு சிரிக்கும்மா" என்று சொல்லிவிட்டு அவனைப் 'பங்காளி' என்று கூப்பிட்டீர்கள். நாங்கள் எல்லோரும் அப்பனைக் கூப்பிடுகிற மாதிரி 'நைனா' என்றோம். ஒரு நல்ல பெயரை வைத்து, அதைப் பரணில் ஏற்றிய குடும்பம் நம் குடும்பம்தான்.

அதோடு விட்டார்களா? நான் ஒரு நாள் அவனை 'டேய்' என்றுவிட்டேன். "மாமனார் பேரு வெச்ச புள்ளையை டா போட்டுப் பேசுறியே, நாக்கு அழுவிப் பூடும்" என்றார் அத்தை. அன்றிலிருந்து மண்ணைத் தின்கிற பிள்ளையை, "நைனா, மண்ணு துன்னாதீங்க" என்று கையைக் கட்டாத குறையாகக் கெஞ்சினேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மரியாதையில் எனக்கு ஒரு வசதி இருந்தது. கயிற்றுக் கட்டிலில் நீங்களும் உங்கள் பக்கத்தில் அவனும் படுத்திருக்கும்போது, "நைனா, பொழுதுக்கும் இப்டியே படுத்துகினு கீறீங்களே, தோட்டத்துக்குத் தண்ணி யாரு கட்டுறது?" என்று அவனைப் பார்த்துக் கேட்பேன். அவனுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பீர்கள். பிள்ளை பெற்றால் என்னென்ன சந்தோஷம் வரும் என்று என் தாய்வீட்டில் நிறையச் சொல்லி அனுப்பினார்கள். மாமனாரைத் திட்ட ஒரு வழி கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

வாசலில் யாராவது உங்கள் பெயரைச் சொல்லி, "அண்ணாத்தே!" என்று கூப்பிட்டால் உங்களிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "தோ, வந்துகினே கீறேன்!" குரல் மட்டும்தான் வாசலுக்கு வரும், நீங்கள் வர மாட்டீர்கள். கட்டில் கயிறு முனகக்கூட முனகாது. வந்தவர் நின்று நின்று, கடைசியில் அவரே உள்ளே வந்துவிடுவார். ஊரில் எல்லோரும் பழகிவிட்டார்கள். எனக்குத்தான் அடுப்படியில் பற்றிக்கொண்டு வரும். கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போனால் என்ன குறைந்துவிடும் என்று அரிவாள்மணையிடம் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கருடசேவை நினைவிருக்கிறதா மாமா? நினைவில்லாமல் எங்கே போகும்? அவனுக்கு மூன்று வயது. பூந்தமல்லிப் பெருமாள் கோயில் வாசலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நூம்பலிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நீங்கள் உங்கள் சிநேகிதர்களோடு குளத்துப் பக்கம் நின்றீர்கள். அத்தையும் நானும் பெண்கள் பக்கம். அவன் கையை நான் பிடித்திருந்தேன். கருடன் வெளியே வந்தது. பிள்ளையைப் பிடிக்க ஒரு கை வேண்டும், சாமியைக் கும்பிட இரண்டு கை வேண்டும். கும்பிட்டு முடித்துக் குனிந்து பார்த்தேன். அவன் இல்லை.

"நைனா! நைனா!" என்று கத்தினேன். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் யாருக்காவது நைனா. ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரிய மீசைக்காரர் அக்கறையாகக் கிட்டே வந்தார்.

"இன்னாம்மா, நைனாவைக் காணோமா? வயசு இன்னா இருக்கும்?"

"மூணுங்க!"

"மூணு வருசமாவா காணோம்?"

"வயசே மூணுதாங்க!" என்று நான் அழ, அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம், "பாவம், நைனா போன ஏக்கம். புத்தி பெரண்டுகீது" என்றார். அவரை இன்று எங்காவது பார்த்தாலும் நாலு வார்த்தை கேட்காமல் விட மாட்டேன்.

அத்தை போய் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது நீங்கள் குளத்துப் படியில் இறங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுந்து நடக்கச் சோம்பல்படுகிற மனிதர், மேல்துண்டு விழுந்தது தெரியாமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு ஓடினீர்கள். நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் நான் எதையும் யோசிக்கவில்லை. என் பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்தார்களே, அதைத் தவிர என்னிடம் வேறு சொல் மிச்சம் இல்லை. உங்கள் பெயரை, மரியாதை எதுவும் சேர்க்காமல், மொட்டையாக, தொண்டை கிழியக் கத்தினேன்.

சாமி பெயர் அல்லவா? பக்கத்திலிருந்த கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தோ, வந்துகினே கீறேன்!" என்று குளத்துப் படியிலிருந்து உங்கள் குரல் வந்தது. வாய்ப்பழக்கம். ஆனால் அதே மூச்சில், எனக்குப் பின்னால், மிகவும் கிட்டத்தில், கீச்சுக் குரலில் இன்னொன்றும் வந்தது.

"தோ, வந்துகினே கீறேன்!"

பொரிக்கடை வண்டிக்கு அடியில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே, சிந்தின பொரியைப் பொறுக்கித் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பெயர் தன்னுடையது என்று அவனுக்குத் தெரியாது மாமா. யார் சொல்லிக் கொடுத்தோம்? கட்டிலில் உங்கள் பக்கத்தில் படுத்துக் கேட்டுக் கேட்டு, அந்தப் பெயர் காதில் விழுந்தால் இந்தப் பதிலைச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு அசையாமல் இருக்க வேண்டும் என்று பாடம் பண்ணி வைத்திருந்தான். வந்துகொண்டே இருக்கிறேன் என்றானே தவிர, ஓர் அங்குலம் நகரவில்லை. நான்தான் மண்டியிட்டு உள்ளே புகுந்து இழுத்தேன். முதுகில் ஓர் அடி வைத்தேன். அவன் அழவில்லை. மூடின கையை என் வாய்க்கு நேரே நீட்டித் திறந்தான். வியர்வையில் நமுத்துப்போன பொரி. மண்ணும் இருந்தது. அழுதுகொண்டே அதைத் தின்றேன். அதைவிட ருசியாக இன்றுவரை நான் எதையும் தின்றதில்லை என்று சொன்னால், என் சமையலை அல்லவா குறை சொல்கிறேன் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

நீங்கள் படியேறி வந்து சேர்ந்தீர்கள். அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தீர்கள். பெயரைச் சொல்லிவிட்டேனே என்ற பயம் அப்போதுதான் எனக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டே பின்னால் வந்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நின்று, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னீர்கள். "நீ கூப்டா என் பேரு நல்லாத்தான் கீதும்மா. இனிமே அப்டியே கூப்டு. இல்லாங்காட்டி, தன் பேரு இன்னான்னே தெரியாம வளந்துடுவான்."

நீங்கள் உத்தரவு கொடுத்தும் நீங்கள் இருந்தவரை எனக்கு வாய் வரவில்லை. போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி மழையில் நீங்கள் போனீர்கள். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குத் திரும்பிய மறுநாள், அவன் கிணற்றடியில் ஏதோ விஷமம் செய்யப் போக, அந்தப் பெயர் தானாக வாயில் வந்துவிட்டது. உள்ளேயிருந்து அத்தை, "சீ, வாயை மூடு" என்று சீறினார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் விடவில்லை. பிள்ளையைப் பெற்ற எனக்குக் கூப்பிட ஒரு பெயர் வேண்டாமா? இப்போது வாய் பழகிவிட்டது. கை மட்டும் இன்னும் பழகவில்லை. பாருங்கள், இவ்வளவு எழுதியும் ஓர் இடத்திலாவது உங்கள் பெயரை எழுதினேனா?

அவனுக்கு இப்போது ஏழு வயது. தாயைப் போல பிள்ளை என்கிற பழமொழி நம் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டாலும், குளிக்கக் கூப்பிட்டாலும், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று கூப்பிட்டாலும் அதே பதில்தான். கொய்யா மரத்திலிருந்து வரும், கட்டிலிலிருந்து வரும், ஆள் வர மாட்டான். என் ஆயுசில் பாதி உங்கள் இருவரையும் கூப்பிட்டுவிட்டு நின்றே கழிந்துவிட்டது.

இன்று பொடி விவகாரத்துக்குப் பிறகு அடி விழும் என்று தெரிந்து, தோட்டத்துப் பக்கம் ஓடிவிட்டான். கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் அந்த டப்பி. மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நாற்பது வருஷம் அதைக் கரித்துக் கொட்டியவர், அதன் துருவை முந்தானையால் துடைத்தார்.

"அவனை ஒரு தபா கூப்டு" என்றார்.

"எதுக்கு அத்தை? சாப்டுட்டுத்தானே போனான்?"

"சும்மா கூப்டுடி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை ஒரு தரமாவது வாய் திறந்து சொல்லாதவர். இனியும் சொல்லப்போவதில்லை. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொல்லைப்புறம் பார்த்துக் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்துபோய் நிலைப்படியில் நின்று, உங்கள் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டேன்.

"தோ, வந்துகினே கீறேன்!"

வரவில்லை. அத்தை டப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தபா கூப்டு" என்றார்.