நிச்சயத் தாளில் நான் எழுதச் சொன்ன நாலாயிரம்

அனுப்புநர்
ம. சுப்புராயன் (வயது 69),
நொச்சிமேட்டுக்குப்பம்,
மரக்காணம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு,
விழுப்புரம்.

பொருள்: கடல்தொழில் செய்பவர் தம் குழந்தைக்குத் தரவேண்டிய ஜீவனாம்சத்தை ஒரு நல்ல நாளின் வருமானத்தை வைத்துக் கணக்கிடாமல், வருடம் முழுவதையும் பார்த்துக் கணக்கிட வேண்டுதல் – என் மகன் உயிருக்கு ஆபத்து – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் எழுத்து கோணலாக இருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஆடி மாதம்தான் எங்கள் குப்பத்துப் பள்ளியில் மாலை வகுப்பில் சேர்ந்து எழுதக் கற்றேன். வலை பின்னிப் பழகிய விரல்களில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. இந்த மனுவுக்கு மூன்று நாள் ஆயிற்று. ஒரு எழுத்தைக்கூட வேறு யாரும் எழுதித் தரவில்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். விஷயம்தான் மகிழ்ச்சியானது அல்ல.

1. என் மகன் பார்த்திபன் இன்னொருவருடைய ஃபைபர் படகில் பங்குக்குப் போகிறவன். அவன் மனைவி தேவயானி மூன்று வருடமாகப் பிரிந்து திண்டிவனத்தில் இருக்கிறாள். என் பேத்தி இலக்கியா அவளிடம் வளர்கிறாள், இரண்டாம் வகுப்பு. குழந்தைக்கு மாதம் பதின்மூன்றாயிரம் ரூபாய் தரும்படி நீதிமன்ற உத்தரவு உள்ளது.

2. உத்தரவில் தவறு இல்லை. தவறு என்னுடையது. எங்கள் கரையில் பெண் கேட்கப் போனால், வலை நிறைய மீன் விழுந்த நாளின் பங்கைத்தான் மாப்பிள்ளையின் வருமானமாகச் சொல்வோம். குறைத்துச் சொன்னால் கடலைக் குறை சொன்னதாக ஆகிவிடும். நானும் "நாளுக்கு நாலாயிரம்" என்று சொன்னேன். அதை நிச்சயத் தாளில் எழுதி, ஊர் நடுவில் வாசித்தார்கள். நான் கைநாட்டு வைத்தேன். பங்குக்குப் போகிறவனுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ஆகவே வழக்கில் அந்தத் தாள் ஒன்றுதான் சாட்சியாக நின்றது.

3. அந்தத் தாளைப் போன மாதம் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாலாயிரம் என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை படித்தேன். உண்மையில் அவனுக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு கிடைக்கும். பல நாள் டீசல் செலவே தேறாது. ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் படகு கரையில்தான் கிடக்கும்.

4. மருமகள் மீதும் எனக்குக் குறை இல்லை. திண்டிவனம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "மாமா, நீங்கதான நாலாயிரம்னு கைநாட்டு வெச்சீங்க? இப்ப இல்லன்னா குழந்தைக்குச் சோறா நான் எதைப் போட்றது? உங்க கைநாட்டையா?" என்று கேட்டாள். குழந்தை தன் வாசிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். இரண்டு பக்கம் நாங்கள் சேர்ந்து படித்தோம். என்னைவிட வேகமாகப் படிக்கிறாள்.

5. இரண்டு மாதத் தொகை நிலுவையில் உள்ளது. இந்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் சிறை என்று சொல்லியிருக்கிறார்கள். புயல் எச்சரிக்கை நாளில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. அன்றைக்கு மீனுக்கு மூன்று மடங்கு விலை. பார்த்திபன் அந்த நாளாகப் பார்த்துப் போகிறான். தடுத்தால், "ஜெயிலுக்குப் போறதுக்கு இது மேலுப்பா. நீ பயந்துக்கினு ஒக்காந்திருக்காத, ஜல்தியா வந்துட்றேன்" என்கிறான். போன வியாழக்கிழமை இன்ஜின் நின்று, இருட்டிய பிறகு கரையிலிருந்து மற்றொரு படகு தேடிப் போய்க் கட்டி இழுத்து வந்தது. முன்பெல்லாம் கரையில் ஒட்டும் எச்சரிக்கையை யாராவது வாசித்துச் சொன்னால்தான் தெரியும். இப்போது நானே படித்துவிடுகிறேன். காற்று எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பதுவரை தெரிகிறது. படித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவன் கடலுக்குப் போட்டுப் போகும் சட்டை கொடியில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

6. குழந்தைக்குக் கொடுக்காமல் விடச் சொல்லி நான் கேட்கவில்லை. எங்கள் கரையில் மீன் ஏலம் போனதும் டீசல் காசு கழித்து, அம்மன் கோயிலுக்கு எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகுதான் படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் பங்கு பிரிப்போம். கோயில் பங்கை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை. அதைப் போலவே, பார்த்திபனின் பங்கில் மூன்றில் ஒன்றை அங்கேயே பிரித்துக் குழந்தையின் வங்கிக் கணக்கில் போட உத்தரவு வாங்கித் தர வேண்டும். நல்ல மாதத்தில் கூடுதலாகப் போகும். மீன் இல்லாத மாதத்தில் குழந்தை பட்டினி கிடக்காதபடி, என் முதியோர் உதவித்தொகை ஆயிரத்து இருநூறையும் அதே கணக்குக்கு மாற்றிவிட எனக்குச் சம்மதம். படகுக்காரர் ஒரு வருடப் பங்கு நோட்டைக் காட்டத் தயாராக இருக்கிறார்.

ஆகவே ஐயா அவர்கள் இலவச வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தி, தொகையை வருடக் கணக்கில் மறுபடி நிர்ணயிக்க மனுப் போடவும், அதுவரை சிறை நடவடிக்கையை நிறுத்திவைக்கக் கேட்கவும் உதவ வேண்டும். அந்தத் தாளில் சொன்னது பொய் என்று எந்த நீதிபதி முன்பும் நானே எழுதிக் கொடுக்கிறேன். இந்தத் தடவை கைநாட்டு வைக்க மாட்டேன்.

புதன்கிழமைக்கு மறுபடி எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் வரும் திங்கட்கிழமை மீண்டும் எழுதுவேன். அந்த மனுவில் என் பெயருக்குக் கீழே பார்த்திபனும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அவன் அன்றைக்குக் கரையில் இருக்க வேண்டும், ஐயா.

இடம்: நொச்சிமேட்டுக்குப்பம்
நாள்: 24.11.2025

இப்படிக்கு, தங்கள் உதவியை நம்பியிருக்கும்
ம. சுப்புராயன்
(என் கையெழுத்து)