பனி வந்த பக்கம்

காலையில் நெடுநேரம் கரண்ட் இல்லை. டில்லி துவாரகா வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரீசரைத் திறந்ததும் ஒரு பெரிய பனிப்பாளம் சறுக்கி வந்து என் காலடியில் விழுந்தது. ஜனவரியில் உரித்துப் போட்ட பச்சைப் பட்டாணி, பை கிழிந்து, அதற்குள் அங்கங்கே சிக்கியிருந்தது. பனியாறு கல்லைத் தூக்கிக்கொண்டு வருவது இப்படித்தான் என்று பட்டாணியைக் காட்டியே எத்தனை பேருக்கு நீ விளக்கியிருப்பாய்! உடனே உன்னிடம் பேச வேண்டும் போலாகிவிட்டது.

கரோல் பாக் வாடகை அறையில் ஒன்றாகச் சமைத்துத் தின்று, ஒரே அலுவலகத்தில் பாறைகளை ஆராய்ந்த நாம், ஆர்க்டிக் தீவுக்குப் போன அந்தக் கோடை நினைவிருக்கிறதா? பாறையில் பனி இழுத்த கீறல்களை அளந்து, பனியுகத்தில் பனி எங்கிருந்து வந்தது என்று சொல்வதுதான் வேலை. மலையிலிருந்து கடலுக்கு இறங்கியது என்றார் குழுத் தலைவர். நீ மட்டும், கடலிலிருந்து தீவின் மேல் ஏறியது என்றாய். அந்தக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தது, ஆழமில்லாத அந்தக் கடலில் பனி தரைதட்டி மலையாகக் குவிந்தது என்பது உன் கட்சி. கடலில் ஏது மலை என்று குழுவில் சிரிக்காதவர் இல்லை.

அந்த நேரம் பார்த்து நாம் சொதப்பினோம். டில்லி ரிட்ஜ் குன்றுப் பாறைகளில் பழகிய கை நம்முடையது. டில்லியில் காந்தமுள் காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தத் தீவில் முள் நன்றாகவே விலகும், கணக்குப் போட்டுத் திருத்த வேண்டும். நம் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. வரைபடத்தில் நம் பனியாறு ஒரு குன்றையே துளைத்துக்கொண்டு போனது. "மேடம், ஆப்கீ பரஃப் நே பஹாட் மே சுரங்க் கோதீ க்யா?" என்றார் தலைவர். உன் பனி, மலையில் சுரங்கம் தோண்டியதா என்று! எனக்கு அழுகை வந்தது. நீதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். ஆனால் அதற்குப் பிறகு உன் கட்சியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது உனக்கு வலித்தது, எனக்குத் தெரியும்.

கோணங்களைத் திருத்தினோம். வழக்கு தீரவில்லை. கீறல், பனி போன கோட்டைத்தான் காட்டும். பனி எந்த முனையிலிருந்து வந்தது என்று சொல்லாது.

கிளம்புவதற்கு முந்தின நாள், கடலோரத்தில் யானை முதுகு போல ஒரு பாறைமேட்டைக் கண்டதும் நீ கையுறையைக் கழற்றினாய்.

"ஏட்டி, கண்ண மூடிட்டுத் தடவிப் பாரு. எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு அதுவே சொல்லுதுல்லா!"

கடல் பக்கம் வழவழவென்று இருந்தது. மலைப் பக்கம் கரடுமுரடு. பனி ஏறி வரும் பக்கத்தை இழைத்துவிடும், தாண்டிப் போகும் பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். திசைகாட்டியே தேவையில்லை. தலைவரை இழுத்து வந்து அவரையும் கண்ணை மூடித் தடவ வைத்தாய். மனிதர் வெகுநேரம் தடவினார். "அச்சா... சமுந்தர் ஸே" என்றார். கடலிலிருந்துதான்! நீ அங்கேயே குலவை போட்டாய். திருநெல்வேலிக் குலவையை அந்தத் தீவு அதற்கு முன் கேட்டிருக்காது.

காலையில் உன் மகளும் இங்கேதான் இருந்தாள். தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். பாளத்தை வாளியில் போடப் போனேன்.

"ஆன்ட்டி, ருக்கோ ருக்கோ! அம்மா இருந்தா தடவிப் பாக்காம விட்டிருப்பாங்களா?" என்று என்னை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள்.

பாளம் உருகிப் போயிற்று. பட்டாணியை மதியம் புலாவில் போட்டுச் சாப்பிட்டோம். நீ போய்விட்டாய் என்பது எனக்கு இன்னமும் பழகவில்லையடி. ஆனாலும் பனி போய் எத்தனையோ யுகமான பிறகும் அந்தப் பாறை சொல்லிக்கொண்டுதானே இருக்கிறது? என்னையும் யாராவது கண்ணை மூடித் தடவிப் பார்க்கட்டும். நீ வந்த பக்கம் வழவழவென்றுதான் இருக்கிறது. போன பக்கம்தான் கொஞ்சம் கையைக் கிழிக்கும்.