பார்சலக்காவின் மாடி அறை

ஜூன் 9

என் அருமைக் கூட்ஸ் வண்டிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. சோறு இறங்காதவர்களைச் சேர்க்கும் அந்த வார்டில் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொன்ன ஒருத்தியை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான். ஒரு துண்டு ரொட்டியை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, இப்போது எப்படி? எதிர் நாற்காலியிலிருந்து "சிக்னல் விழுந்தாச்சு, கிளம்புடி" என்று விரட்ட ஆள் இல்லாமல் வண்டி நின்றே போய்விட்டதா?

வீட்டுக்கு வந்த மறுநாளே கூரியர் ஆபீசைத் திறந்துவிட்டேன். நான் வார்டில் கிடந்த நாளெல்லாம் என் வீட்டுக்காரர் அதை நடத்திய லட்சணத்தை என்னவென்று சொல்ல? விலாசம் அழிந்த பார்சல்கள் மூலையில் ஆளுயரத்துக்குக் கிடந்தன. பிரஷர் குக்கரைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து, "இதையே அப்படியே அனுப்புங்க" என்று ஓர் அம்மாள் காலையிலேயே மல்லுக்கு நின்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். உப்புத்தான் இன்னும் கைக்கு வரவில்லை. மகன் அதையும் தட்டுத் தட்டாக உள்ளே தள்ளுகிறான். அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடுகிறது.

எனக்கு இனி வெளி சிகிச்சைதான். புதன்கிழமைதோறும் டாக்டரம்மாவிடம் போய்க் காட்ட வேண்டும், நடுநடுவே உணவு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். நீ வெளியே வரும்போது தங்குவதற்கு எங்கள் மாடி அறையை ஒழித்து வைக்கிறேன். ஆஸ்பத்திரியின் பகல்நேர மையத்துக்கு இங்கிருந்து ஒரே பஸ். சொன்னால் சொன்னதுதான்.

உன்
பார்சலக்கா

ஜூன் 17

அன்புள்ள பார்சலக்காவுக்கு,

போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கடிதம் மட்டும் எழுதவிடும் இந்த வார்டு வாழ்க. உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நர்ஸம்மாகூடச் சிரித்தார். உங்கள் நாற்காலியில் ஒரு புதுப் பெண் உட்கார்கிறாள், யாரிடமும் பேசுவதில்லை. எங்கள் எல்லோரையும் சாப்பிடவைத்தது நீங்கள்தான் என்று அவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுப் பேசினார். "மூணு வழி இருக்கும்மா. இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கலாம். இல்ல, பகல்நேர மையத்துல சேரலாம். காலையில போனா மூணு வேளையும் அங்கயே எல்லாரோடவும் சாப்பிடணும், ஆனா ராத்திரிக்கு நம்பகமான வீடு ஒண்ணு வேணும். மூணாவது, உன் வீட்டுக்கே போறது. அப்பா அம்மாதான் பரிமாறுவாங்க, நீ முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருப்பாங்க. எப்படின்னு அவங்களுக்கு நாங்க சொல்லிக்கொடுப்போம். என்னைக் கேட்டா உனக்கு அதுதான் சரிவரும்" என்றார்.

எங்கள் அப்பாவை உங்களுக்குத் தெரியாது அக்கா. எலக்ட்ரீஷியன். உச்சி வெயிலில் கம்பத்தில் ஏறி வேலை பார்த்துவிட்டு வந்து என் தட்டைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிடும். ஒருநாள் என் தாடையைப் பிடித்து வாயில் திணித்தார். அம்மா அடுப்படியில் நின்று அழுதாள். அந்த வீட்டு மேஜைக்கு நான் திரும்பப் போக மாட்டேன். உங்கள் மாடி அறை இருக்கிறது என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

அந்த அறை ஒன்றை நம்பித்தான் இப்போது ஒவ்வொரு வேளையும் விழுங்குகிறேன்.

உங்கள்
கூட்ஸ் வண்டி

ஜூலை 6

கூட்ஸ் வண்டிக்கு,

அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. ஜன்னல் கொக்கி உடைந்து கிடந்தது, மகன் மாற்றிவிட்டான். படிக்க ஒரு மேஜை விளக்கும் வாங்கி வைத்திருக்கிறேன். உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ அதைப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

இங்கே பள்ளிப் புத்தகப் பெட்டிகள் வந்து இறங்கும் நேரம், மூச்சுவிட முடியவில்லை. போன புதன்கிழமை கிளம்பும்போது லாரி வந்து நின்றது, டாக்டரம்மாவிடம் போக முடியவில்லை. அதற்கு முந்தின புதனும் அதே கதைதான். நன்றாக இருக்கிறேன் என்று போனில் சொல்லிவிட்டேன். வீட்டிலும் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நீங்கள் நேரத்தோடு சாப்பிட்டுவிடுங்கள் என்று சொல்லியாயிற்று. வீட்டுக்காரர் கொஞ்சம் முணுமுணுத்தார். இப்போது பழகிவிட்டது.

ஆட்கள் போனபிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் தனியாக இருப்பேன். அந்த அமைதிக்கு விலையே கிடையாது. நேற்று கைக்கடிகார வாருக்கு இன்னொரு ஓட்டை போடக் கடைக்குப் போனேன், அந்த ஆள் பேச்சுக்கொடுத்தே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டான்.

தட்டைக் காலி செய். டாக்டரம்மா சொல்வதைக் கேள்.

பார்சலக்கா

ஜூலை 14

அக்கா,

இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன்.

உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். உங்கள் வீட்டுக்காரர் சமைத்தது இருக்கிறது, மகன் சாப்பிட்டது இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டதாக ஒரு வரி இல்லை. நான் பெரிய துப்பறியும் புலி இல்லை. ஹாஸ்டலில் இருந்தபோது நானும் வீட்டுக்கு இப்படித்தான் எழுதுவேன். அறையில் இருந்த மற்றவர்கள் சாப்பிட்டதையெல்லாம் விலாவாரியாக எழுதுவேன், அம்மாவும் சந்தோஷப்பட்டுப் பதில் போடுவாள்.

இங்கே நம்மைத் திரும்பி நிற்கவைத்துத்தான் எடை பார்ப்பார்கள். எண் கண்ணில் பட்டால் மனசு அதையே பிடித்துக்கொள்ளும் என்பதால். உங்கள் ஆபீசில் பெரிய பார்சல் தராசு இருக்கிறது, ஆளே ஏறி நிற்கலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அங்கே என்ன செய்கிறீர்கள் அக்கா?

நான் நினைப்பது தப்பென்றால் நாலு வார்த்தை திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பதில் மட்டும் போட்டுவிடுங்கள், பயமாக இருக்கிறது.

கூட்ஸ் வண்டி

ஜூலை 20

என் கண்ணுக்கு,

ஏறுகிறேன். தினமும்தான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

வார்டிலிருந்து வந்த முதல் வாரம் ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன். அப்புறம் ஒருநாள் ஒரு பெட்டியை எடை போட்டு இறக்கிவிட்டு நானும் ஏறிப் பார்த்தேன், சும்மாதான். அந்த எண்ணைப் பார்த்தபிறகு அன்றைக்கு ராத்திரி சோறு உள்ளே போகவில்லை. அவ்வளவுதான், பழையபடி பிடித்துக்கொண்டது. சரிசெய்துவிடுவேன். நான் எத்தனை பேருக்குப் புத்தி சொன்னவள், எனக்கு நானே சொல்லிக்கொள்ள மாட்டேனா?

ஆனால் இது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். டாக்டரம்மா காதில் விழுந்தால் என் வீட்டில் உன்னைத் தங்கவிடுவாரா? மாடி அறை போய்விடும், உன்னை நேராக உன் அப்பாவிடம்தான் அனுப்புவார்கள். உன் நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ வந்துவிட்டால் நான் சரியாகிவிடுவேன், இரண்டு பேரும் சேர்ந்தே சாப்பிடலாம்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

உன்
அக்கா

ஜூலை 25

அக்காவுக்கு,

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். கடிதத்தைக் காட்டவில்லை, வாயால்தான் சொன்னேன். அவர் உங்கள் வீட்டுக்காரருக்குப் போன் செய்வார்.

கடிதம் வந்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மாடி அறை ஆசையில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் அங்கே போனதும் அக்கா சரியாகிவிடுவாள், நான் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். என்னையே பார்த்துக்கொள்ள எனக்குத் துப்பில்லை. நீங்கள் செத்துப்போனால் எனக்கு அந்த அறை எதற்கு?

என்மேல் கோபப்படுவீர்கள். படுங்கள்.

கூட்ஸ் வண்டி

ஆகஸ்ட் 3

உனக்கு,

உன் புண்ணியத்தில் எல்லாம் நடந்தது. என் வீட்டுக்காரர் ஆபீசுக்கே வந்து ஆட்கள் முன்னால் தராசைத் தூக்கிக்கொண்டு போனார். பரிசோதனைக்கு இழுத்துப் போனார். இதயம் மெதுவாக அடிக்கிறதாம். இனி புதன்கிழமை வைத்தியம் சரிப்படாது, வார்டில்தான் சேர வேண்டும் என்கிறார்கள். மகன் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் வர மாட்டேன். நீ இருக்கும்வரை அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று டாக்டரம்மாவிடமே சொல்லிவிட்டேன். அந்த மேஜையில் எல்லோருக்கும் தைரியம் சொன்னவள் நான். இப்போது நீ பார்த்துக்கொண்டிருக்க, நர்ஸ் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்து நான் சாப்பிட வேண்டுமா? இவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டார்.

உன்னை என் மகள் மாதிரி நினைத்தேன். மாடி அறையில் பெட்டிகளை அடுக்கிவிட்டேன்.

(கையெழுத்து இல்லை)

ஆகஸ்ட் 10

அக்காவுக்கு,

வியாழக்கிழமை நான் வீட்டுக்குப் போகிறேன்.

உங்களுக்காகப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார், நான்தான் இழுத்தடித்தேன். அப்பாவும் அம்மாவும் வாராவாரம் இங்கே வந்து கற்றுக்கொள்கிறார்கள். நேற்று எனக்குச் சாப்பாடு வைத்துப் பக்கத்தில் உட்காரும்படி டாக்டரம்மா அவர்களிடம் சொன்னார். அப்பா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்குப் பேசத் தெரியாதும்மா. இனிமே திட்ட மாட்டேன், கை வைக்க மாட்டேன். ஆனா நீ முடிக்கிற வரைக்கும் எந்திரிச்சும் போக மாட்டேன்" என்றார். அழுதுகொண்டே சாப்பிட்டேன். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. வீட்டில் இது எத்தனை நாளைக்கு நடக்கும் என்று தெரியாது.

நாம் இனி எழுதிக்கொள்ள வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. நன்றாக இருக்கிறேன் என்று நீங்கள் எழுதினால் நான் நம்ப மாட்டேன். நான் எழுதினால் நீங்களும் நம்பாதீர்கள். உங்களைப் போல என்னை யாரும் சாப்பிடவைத்ததில்லை அக்கா. அதை மட்டும் நம்புங்கள்.

வார்டில் இப்போது காலியாகப்போவது என் கட்டில் ஒன்றுதான். வியாழக்கிழமை சாயங்காலம் வரை அதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று டாக்டரம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார். நான் காலையிலேயே போயிருப்பேன், வாசலில்கூட உங்கள் எதிரில் வர மாட்டேன்.

வந்து சேருங்கள்.

கூட்ஸ் வண்டி