பதினோராயிரம் வருஷ உழைப்பு

அன்பு மகனுக்கு,

அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை மூவரும் கடவுள் துணையில் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. அங்கே நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு நேரமும் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிடுகிறாய், கடிதத்தில் அது நடக்காது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். குளிக்கிற அறைக் குழாயை மாற்றியாயிற்று, எதிர்வீட்டுத் தையல்காரர் மகளுக்கு ஆண் குழந்தை, அவ்வளவுதான் ஊர்ச் செய்தி. ஞாயிற்றுக்கிழமை நீ கோபமாகப் போனை வைத்த பிறகு நடந்ததை இனி வரிசையாக எழுதுகிறேன்.

அப்பாவின் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வருஷா வருஷம் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வைக்கும் கட்டுரைப் போட்டியை நீ மறந்திருக்க மாட்டாய். முதல் பரிசு வாங்கும் பிள்ளையின் கல்லூரிச் செலவு முழுவதும் முதலாளி கட்டுகிறார், பத்து வருஷத்துக்கு முன் உனக்குக் கட்டினார், அதனால்தான் இன்று நீ அங்கே இருக்கிறாய். தலைப்பும் அதேதான், உழைப்பால் உயர்ந்த நம் நிறுவனர். இந்த வருஷம் சின்னவள் எழுதினாள். கடைசிப் பக்கம் சரியில்லை என்று கம்பெனி நலத்துறை மேடம் என்னை அழைத்து, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்து, “நல்லாத்தான் எழுதியிருக்காம்மா, இல்லேங்கல. அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துடுங்க. மூணு வருஷப் படிப்பு, யோசிங்க” என்றார். பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தைத் தொட்டுக் காட்டி வியாழக்கிழமைக்குள் வேண்டும் என்றார். அதை உன்னிடம் சொன்னதற்குத்தான் நீ, “நாலு வரியை மாத்தினா என்னம்மா குறைஞ்சு போகுது? நான் எழுதலையா? அவர் உழைச்சுத்தானே மேல வந்தாரு, நானும் உழைச்சுத்தானே வந்தேன்” என்று கேட்டாய்.

நீ வைத்ததும் அவளுடைய அந்தக் கடைசிப் பக்கத்தை எடுத்து மேஜை மேல் வைத்து, என் பழைய கணக்கு நோட்டுகளையும் பக்கத்தில் அடுக்கிக்கொண்டேன். அவள் எழுதியது அந்த நோட்டுகளைப் பார்த்துத்தான், எனக்கே தெரியாமல் பரண் ஏறி இறக்கியிருக்கிறாள். அந்தப் பக்கத்தில் இருந்தது இதுதான், முதலாளியும் உன் அப்பாவும் ஒரே பழைய கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர்கள். அந்தக் கம்பெனி மூடியபோது இயந்திரங்களை ஏலம் விட்டார்கள், இரண்டு பேருமே ஒன்று எடுக்க ஆசைப்பட்டு ஒரே வாரத்தில் ஒரே வங்கிக்குப் போனார்கள். ஜாமீனுக்கு யார் என்று கேட்டார் மேனேஜர். முதலாளிக்கு அவருடைய மாமனார் வந்து கையெழுத்துப் போட்டார். உன் அப்பா நாலு நாள் நாலு வீட்டுப் படி ஏறி இறங்கினார், யாரும் போடவில்லை, அந்த நாலு நாள் பஸ் செலவும் என் நோட்டில் இருக்கிறது. மறு மாதம் முதலாளி ஷெட் போட்டார், அப்பாவை வேலைக்குக் கூப்பிட்டார், அப்பா போனார். முதல் மழையிலேயே கூரை ஒழுகி முதலாளியின் சரக்கு மொத்தமும் நனைந்து கூழாகிவிட்டது. மாமனார் இன்னொரு தடவை கைகொடுத்தார். நமக்கு நனைந்திருந்தால் நனைந்ததுதான்.

அவர் உழைக்கவில்லை என்று உன் தங்கை எழுதவில்லை, நானும் சொல்ல மாட்டேன், பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும். அட்டைக் கட்டு மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். கெட்டிக்காரரும்தான், எந்தக் கடைக்கு எந்த அளவுப் பெட்டி என்று தாளைப் பார்க்காமல் சொல்வார். ஆனால் வெட்டுக் கத்தியின் இடைவெளியைத் திருத்தி, கழிவாகப் போன அட்டையைப் பாதியாகக் குறைத்தது உன் அப்பா, அதுவும் கெட்டிக்காரத்தனம்தானே, அதற்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். இன்றைக்கும் ஐந்து நிமிஷம் முந்தித்தான் ஓடுகிறது, கம்பெனிக் கடிகாரம் இல்லையா, ஆளைச் சீக்கிரம் கிளப்பத்தான் பார்க்கும். முதலாளியின் சொத்து எவ்வளவு என்று போன மாதம் செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். அதை அப்பாவின் ஒரு வருஷச் சம்பளத்தால் வகுத்து அவள் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தாள், நானும் வகுத்துப் பார்த்தேன், நோட்டின் அகலம் போதாமல் பக்கத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போட வேண்டியதாயிற்று. பதினோராயிரத்து நானூறு வருஷம் வந்தது. தப்பாக இருக்கும் என்று மறுபடியும் போட்டேன், அதேதான். அப்பாவிடம் காட்டினேன், “அத்தனை வருஷத்துக்கு முழங்கால் தைலம் யாரு வாங்கித் தர்றது” என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். முதலாளி இரண்டு மடங்கு உழைத்தார் என்றால் ஒத்துக்கொள்வேன், மூன்று மடங்கு கெட்டிக்காரர் என்றாலும் சண்டைக்கு வர மாட்டேன். ஆறாயிற்று. மிச்சம் பதினோராயிரத்துச் சொச்சத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது? கணக்குப் பார்க்கிற யாரும் தலைப்பு இல்லாமல் ஒரு தொகையை விட மாட்டார்கள்.

கடவுள் கொடுத்தார் என்று நீ சொல்லலாம். நானும் அப்படித்தான் நம்புகிறேன், இன்று நேற்றல்ல. ஆனால் கடவுள் கொடுத்ததை நானே உழைத்துச் சம்பாதித்தேன் என்று சொல்லிக்கொண்டால் அது கொடுத்தவருக்கு மரியாதையா? நீயும் உழைத்துத்தான் வந்தாய், கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் நம் வீட்டில் கதவு இருந்தது ஒரே அறைக்கு, அதை உனக்குப் படிக்கச் சாத்திக் கொடுத்தோம், உன் தங்கை மூன்று வருஷம் சமையலறையில் அடுப்பு அணைந்த பிறகு படுத்தாள். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை கண்ணா. உன் உழைப்பு உன்னுடையது, அந்தக் கதவு உன்னுடையதல்ல, இரண்டையும் ஒரே பையில் போடாதே.

இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம். நான் எழுதலையா என்று கேட்டாய். நீ எழுதவில்லை. உனக்குப் பதினேழு வயது, அந்தத் தாளை முன்னால் வைத்துப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாய், வெங்காயம் நறுக்கிக்கொண்டே நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். பரிசு வாங்கிக் கொடுத்த வரி எது என்று ஞாபகம் இருக்கிறதா? “என் அப்பா ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவார். நம் நிறுவனர் வரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.” கேட்க நன்றாக இருக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன், மேடையில் வாசித்தபோது கை தட்டினார்கள். அப்பா ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியாதா? சின்னவள் பிறந்து எட்டு மாதம் நான் படுக்கையை விட்டு எழவில்லை. ஷிப்ட் விட்டதும் ஓடி வந்து சோறு வடித்து, அவளைக் குளிப்பாட்டி, என் துணியைத் துவைத்து, உனக்கு வாய்ப்பாடு கேட்டவர் அவர். முதலாளி வீட்டில் சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் மூன்று பேர் இருந்தார்கள், அவரால் வீட்டுக்கு வராமல் இருக்க முடிந்தது. இவ்வளவும் தெரிந்து அந்த வரியைச் சொன்னேன். அப்பா முழுவதும் வாசித்தார், பேனா எங்கே என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். உன் படிப்பு கையை விட்டுப் போகக் கூடாது என்ற ஒரே நினைப்பில் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கட்டுரையைச் சட்டம் போட்டுக் கம்பெனியில் வருகை அட்டை அடிக்கும் இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள், உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, போட்டிக்கு விண்ணப்பம் வாங்கப் போன சின்னவள்தான் பார்த்திருக்கிறாள். பத்து வருஷமாக அப்பா காலையில் அதற்குக் கீழே நின்று அட்டை அடித்துவிட்டு உள்ளே போகிறார், சாயங்காலம் அடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். வீட்டில் ஒரு நாளும் மூச்சு விடவில்லை. சின்னவள் வந்து நேராக, “ஏம்ப்பா நீங்க மட்டும் வீட்டுக்கு வந்தீங்க?” என்று கேட்டாள். “பசிச்சுது, வந்தேன்” என்று சிரித்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கு அப்புறம்தான் அவள் பரண் ஏறினாள்.

புதன்கிழமை காலை குளித்து, வேண்டிக்கொண்டு, ஒரு எழுத்தும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டேன். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதே, உங்களுக்கு ஏதாவது தொல்லை வருமோ என்று அப்பாவைக் கேட்டேன், “வந்தா பாத்துக்கலாம், நீ போடு” என்றார். போட்டியிலிருந்தே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன், இல்லை, கடைசி மூன்று பேரில் அவளையும் முதலாளி வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். பெரிய கூடம், உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் சோபா, எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். முதலாளி அந்தக் கடைசிப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்ப நான் உழைக்கலேங்கிறியாம்மா?” என்று கேட்டார். இவள் நிமிர்ந்து, “உழைச்சீங்கய்யா. அப்பாவும் உழைச்சாரு. இதுல எது பதினோராயிரம் மடங்குன்னுதான் எனக்குப் புரியல, நீங்க சொல்லுங்க, அதையே எழுதிடறேன்” என்றாள். நலத்துறை மேடம் இருமினார். முதலாளி தாளை மேஜை மேல் வைத்துவிட்டு, “எங்க மாமனார் பேரை இந்த வீட்டுல யாரும் எடுத்து எத்தனையோ வருஷமாச்சு” என்று சொன்னார், யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு தேநீர் வந்தது, குடித்தோம், வந்தோம். பரிசு வாயில்காவலர் மகனுக்குப் போயிற்று. நல்ல பிள்ளை, அவனுக்கும் வேறு வழி கிடையாது, அதனால் எனக்கு வருத்தமில்லை. சின்னவள் மறுநாள் எழுந்து கல்லூரி விண்ணப்பத்தைத் தானே நிரப்பினாள்.

அவள் படிப்பாள், அதில் மாற்றம் இல்லை. நம் தெரு மருந்துக்கடைக்காரர், இரும்புக்கடை அண்ணாச்சி, சலவைக்கடை அம்மா மூன்று பேரிடமும் போய்க் கணக்கு எழுதித் தருகிறேன் என்று கேட்டுவிட்டேன். “பள்ளிக்கூடம் எதுவரைக்கும் போயிருக்கீங்க?” என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர். பள்ளிக்கூடத்தை விடுங்க, நோட்டைப் பாருங்க என்று இருபத்தெட்டு வருஷ நோட்டில் நாலைக் கொண்டுபோய் வைத்தேன், புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றாம் தேதியே வந்துவிடுங்கள் என்றார். முதல் வருஷக் கட்டணம் அதிலும் அப்பாவின் சேமிப்பிலும் சரியாகிவிடும். இரண்டாம் வருஷத்தில் பாதியை நீ அனுப்பு, கௌரவம் பார்த்து வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தங்கைக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்து அனுப்பாதே, அந்தக் கதவை நினைத்து அனுப்பு.

பணத்தைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது, அதை நீதான் செய்ய முடியும். அந்தக் கட்டுரையைக் கழற்றுங்கள் என்று நான் போய்க் கேட்டேன், அது உன் பெயரில் இருக்கிறது, எழுதியவர் எழுதித் தந்தால்தான் முடியும் என்கிறார் மேடம். உடனே எழுது. என்ன எழுதுவது என்று மறுபடியும் நான் சொல்லித் தரப்போவதில்லை, ஒரு தடவை சொல்லித் தந்தது போதும். என் அம்மா சொன்னாள் என்று மட்டும் எழுதாதே, கையெழுத்து உன்னுடையது. சின்னவள் பிறந்தபோது உனக்கு ஒன்பது வயது, அப்பா எத்தனை மணிக்கு வந்தார், வந்து என்னென்ன செய்தார் என்று உனக்கே தெரியும். நான் இப்படி எழுதுகிறேன் என்று அப்பாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே, வேண்டாம் என்று தடுத்துவிடுவார்.

கடவுள் உங்கள் இருவருக்கும் நல்ல உடம்பும் நிம்மதியும் தரட்டும், குளிருக்குக் காதை மூடிக்கொள், மருமகளை இராத்திரி வெகுநேரம் கம்ப்யூட்டர் பார்க்க விடாதே. இருபதாம் தேதிக்குள் உன் கடிதம் கம்பெனிக்குக் கிடைத்துவிட வேண்டும். அதற்கடுத்த திங்கட்கிழமை அப்பாவுக்குக் காலை ஷிப்ட், அவர் அட்டை அடிக்கும்போது அந்தச் சுவர் வெறுமையாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா