சம்பந்தியம்மாவும் நானும் படித்த வருஷம்

சம்பந்தியம்மா,

இன்று காலை திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். உங்கள் கைக்குட்டையில் எப்போதும் வரும் அதே நீலகிரித் தைல வாசனை. அரைத் தூக்கத்தில் இருந்த நான், "ஜன்னலச் சாத்திடவாங்க?" என்று உங்களிடம் கேட்பதுபோலவே கேட்டுவிட்டேன். "வாணாங்க, காத்து வரட்டும்" என்றார் அவர். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

முறைப்படி பார்த்தால் உங்களைச் சம்பந்தி என்று கூப்பிட எனக்கு இனி உரிமையில்லை. என் மகனும் உங்கள் மகளும் பிரிந்துவிட்டார்கள். ஆனால் வேறு எப்படியும் உங்களைக் கூப்பிட்டுப் பழகவில்லை.

கல்யாணமான புதிதில் நமக்குள் பேச்சே கிடையாது. சாப்பிட்டீங்களா, அங்க மழை உண்டா, அவ்வளவுதான். பிறகு உங்கள் மகளுக்குக் காமாலை வந்தது. பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினீர்கள். உங்கள் பையில் கீழாநெல்லிக் கட்டோடு ஒரு நூலகப் புத்தகமும் இருந்தது. மகள் கண்ணயர்ந்ததும் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து படிப்பீர்கள். நாவல். வயசான பெண்பிள்ளை கதைப்புத்தகம் படிப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஊருக்குக் கிளம்பிய அவசரத்தில் புத்தகத்தை எங்கள் ஃபிரிட்ஜ் மேலேயே விட்டுவிட்டுப் போனீர்கள். தூசி தட்டி வைக்கலாமென்று எடுத்தேன். நின்றபடியே ஒரு பக்கம் படித்தேன். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அன்று குழம்பு அடிப்பிடித்தது.

மறுநாள் மத்தியானம் உங்கள் போன்.

"என் புக்கு அங்க இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"நீங்க படிச்சிங்களா?"

"எனக்கேதுங்க அதுக்கெல்லாம் நேரம்?"

"சரி. அந்த அண்ணங்காரன் கடைசியில வீட்ட விக்கிறானா இல்லையா?"

"விக்கலைங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. அங்கே நீங்கள் ஒரு நூலகத்தில் எடுப்பீர்கள், இங்கே நான் ஒன்றில் எடுப்பேன். பசங்கள் வரும்போதும் போகும்போதும் புத்தகம் கை மாறும். இருவரும் முடித்ததும் மத்தியானத்தில் போன். ஊரை, வயலை, மழையை வர்ணிக்கும் பக்கமென்றால் நீங்கள் தாண்டிப் போய்விடுவீர்கள். "நான் கண்டாச்சிபுரத்துல பொறந்து வளந்தவ. கேப்பக் கொல்லைய எனக்கு இவரு காட்டணுமா?" என்பீர்கள். எனக்கு அந்தப் பக்கங்கள்தான் பிடிக்கும். சோக முடிவு வந்தால் உங்களுக்கு ஆத்திரம் தாங்காது. எழுதியவரை நேரில் கூப்பிட்டுக் கேட்பதுபோலத் திட்டுவீர்கள். எனக்கோ அழுதால்தான் படித்த மாதிரி. பத்தாவதோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கப்பட்டவள் நான். ஒரு புத்தகத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தை ஒருவர் கேட்பதும், அதற்காகச் சண்டை போடுவதும் எனக்குப் புதுசு.

நாம் கதைக்குள் இருந்தபோது நம் பிள்ளைகள் வீட்டுக்குள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஒருநாள் உங்கள் மகள் பையை எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு உங்கள் வீட்டுக்கே போய்விட்டாள். ஏன் என்று கேட்டதற்கு இவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். உங்கள் அண்ணன் கத்தினார், என் வீட்டுக்காரர் அதற்கும் மேலே கத்தினார். "இனிமே அந்தக் குடும்பத்தோட பேச்சே கூடாது" என்று அவர் எழுந்தபோது, எதிரில் இருந்த நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் கொடுத்தனுப்பிய நாவல் அப்போது என் அலமாரியில் பாதி படித்தபடி இருந்தது. அதைத் தொடக்கூட மனசு வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, பழைய நேரத்துக்கே போன் அடித்தது.

"நான்தான். பக்கத்துல யாருனா இருக்காங்களா?"

"இல்லிங்க."

பிறகு நீங்கள் சொன்னீர்கள்: "அவங்க ரெண்டு பேருக்கும் ஒத்துக்கல. பேஜாராதான் இருக்குது, நானும் அழுதுக்கினுதான் இருக்கேன். ஆனா நாம இன்னாங்க பண்ணோம்? நமக்கு ஒத்துக்கிச்சே."

அன்று சாயந்திரம் வீட்டுக்காரருக்குக் காப்பி வைத்துவிட்டுச் சொன்னேன். "நாளைக்கு விழுப்புரம் போறேன். புஸ்தகம் குடுக்கணும்."

"யாருக்கு?"

"சம்பந்தியம்மாவுக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் போகட்டுமா என்று கேட்டிருக்கிறேனே ஒழியப் போகிறேன் என்று சொன்னதில்லை. அவர் காப்பியைக் குடித்து முடித்தார். "ஜல்தியா வந்துடு" என்றார்.

அதன்பிறகு விழுப்புரம் ரயில் நிலையத்து பெஞ்சுதான் நம் இடம். நீங்கள் ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்க, நான் ஒரு பக்கம் படிக்க, வேர்க்கடலை விற்கிறவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணச் சீரைத் திரும்ப எடுக்க உங்கள் அண்ணன் மினி லாரியோடு வந்தார். கூடவே நீங்களும் உங்கள் மகளும். பீரோ போனது, கட்டில் போனது, அண்டா குண்டான் எல்லாம் போனது. "எல்லாம் ஏத்தியாச்சா?" என்றார் உங்கள் அண்ணன். நீங்கள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அத்தனை பேர் நடுவே என்னிடம் நடந்துவந்து, பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தீர்கள்.

"இது லைப்ரரி புக்கு இல்ல, நான் வாங்கினது. நீங்களே வச்சிக்கங்க. அழுவாச்சி கிடையாது."

உங்கள் மகள்தான் முதலில் சிரித்தாள். "அத்தை, இத எனக்குக்கூடக் குடுக்கல அம்மா" என்றாள். விறைப்பாக நின்றிருந்த என் மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் லாரிக் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறும்போது, "பாத்து ஏறு" என்றான். பிரிந்தார்கள், ஆனால் பகையாகப் பிரியவில்லை. அது நீங்கள் செய்தது.

அந்த மாசக் கடைசியில் உங்கள் மகள் போன் செய்தாள். காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த நீங்கள், நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தீர்களாம், எழுந்திருக்கவே இல்லையாம்.

உங்கள் வீட்டில் பெண்கள் கூட்டத்தில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள் கேட்டார்: "நீங்க அவங்களுக்கு இன்னா முறையாவணும்?"

சம்பந்தி என்று வாய்வரை வந்தது. உங்கள் அண்ணன் அங்கேயே நின்றிருந்தார்.

"நாங்க ஒண்ணா படிச்சவங்க" என்றேன்.

"அப்டியா? எதுவரைக்கும் படிச்சிங்க?"

"நான் இன்னும் படிச்சிக்கினுதான் இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் உங்களுக்காக வாய்விட்டு அழுதேன்.

அந்த வருஷத்துக்கு முன்னால், எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் நான் செய்த காரியம் எதுவுமில்லை. இப்போது ஒன்று இருக்கிறது: படிப்பது. இன்று பஸ் ஏறியதும் நம் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கத்தான். யாரையும் கேட்டுச் செய்வதில்லை, யாருக்கும் மறைத்துச் செய்வதில்லை.